தேர்வு ஒரு மணி நேரம், வேலை ஒரு மாதம்

2015 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் 70 லட்சம் பிள்ளைகள் எழுதவேண்டிய ஒரு தேர்வு, ஆசிரியர் சங்கங்கள் முடியாது என்று சொன்னதால் நின்றது. அப்போதைய கல்வி அமைச்சர் அங்கி மொட்செக்கா அதை டிசம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளிவைத்துப் பார்த்தார். அதற்கும் சங்கங்கள் இசையவில்லை. ஆண்டுத் தேசிய மதிப்பீடு என்ற அந்தத் தேர்வு, ஆசிரியர்கள் வாயில் ஏ.என்.ஏ., அதோடு படுத்துவிட்டது. பழைய வடிவில் அது திரும்பி வரவேயில்லை.

டர்பன் பக்கம் நம் குடும்பங்களில் ஒரு ஆசிரியராவது இல்லாத சொந்தக்கார வட்டம் அரிது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முதலில் திறந்த கதவுகளில் ஒன்று ஆசிரியர் வேலை. அதனால் இந்தப் பேச்சு கல்யாண வீட்டிலும் கோயில் பந்தியிலும் இன்னமும் எழுகிறது. பெற்றோர் பக்கத்திலிருந்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “தேர்வு வைப்பதும் திருத்துவதும் வாத்தியார் வேலைதானே, அதற்குப் போய் இத்தனை அலுப்பா?” நியாயமான கேள்வி. அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டுமானால், தேர்வு என்று நாம் பொதுவாகச் சொல்லும் அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான் புரிந்துகொண்டவரை, ஏ.என்.ஏ. விழுந்ததற்குக் காரணம் வேலை அதிகம் என்பது மட்டும் இல்லை. அந்த வேலையைச் சுமத்திய விதமே தேர்வின் முடிவையும் கெடுத்தது.

கொஞ்சம் பின்னால் போகலாம். இனவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு நீண்ட காலம், பிள்ளைகள் என்ன கற்றிருக்கிறார்கள் என்பது நாடு முழுக்க ஒரே அளவுகோலில் தெரிந்தது பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் வரும் மெட்ரிக் தேர்வில்தான். அதாவது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. நடுவில் 2001இல் மூன்றாம் வகுப்புக்கும் 2004இல் ஆறாம் வகுப்புக்கும் மாதிரிப் பள்ளிகளில் மட்டும் மதிப்பீடு நடந்தது. 2010இல் அப்போதைய ஜனாதிபதி ஜேக்கப் சூமா நாடாளுமன்ற உரையில், மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் மொழியிலும் கணக்கிலும் தேர்ச்சியை உயர்த்துவோம், அதை ஆண்டுதோறும் அளப்போம் என்று அறிவித்தார். 2011 பிப்ரவரியில் முதல் ஏ.என்.ஏ. நடந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அது செப்டம்பர் மாதத்துக்கு மாறியது. 2014 வாக்கில் ஒன்று முதல் ஆறு வரை எல்லா வகுப்புகளும், அவற்றோடு ஒன்பதாம் வகுப்பும், 24,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் எழுதின. ஆளுக்கு மொழி ஒன்று, கணக்கு ஒன்று. ஆகக்கூடி ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சம் விடைத்தாள்கள்.

இவ்வளவையும் திருத்தியது யார்? அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள்தான். கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் கல்வித் துறையிலிருந்து வரும். மற்றதெல்லாம் பள்ளிக்குள். கட்டுகளை வாங்கி எண்ணிப் பூட்டி வைப்பது, வகுப்பு வாரியாகப் பிரிப்பது, அறைக் கண்காணிப்புக்கு ஆள் போடுவது, அந்த ஆளுடைய வகுப்பை வேறொருவர் தலையில் கட்டுவது, வராத பிள்ளைகளின் பட்டியல், திருத்தம், கூட்டல், பள்ளியின் பாடத்துறைத் தலைவரின் மறுபார்வை, மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றுவது, பெற்றோருக்கு அறிக்கை, எந்தக் கேள்வியில் வகுப்பு தடுக்கி விழுந்தது என்ற அலசல், அதைச் சரிசெய்ய ஒரு மேம்பாட்டுத் திட்டம். அந்தத் திட்டத்தையும் எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆறாம் வகுப்பில் 40 பிள்ளைகள். இரண்டு பாடம், 80 விடைத்தாள். ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தால் 16 மணி நேரம். திருத்த மட்டும். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியருக்கு ஐந்து பிரிவுகள் இருந்தால் 200 விடைத்தாள். ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றாலும் 50 மணி நேரம் ஆகிவிடும்.

இந்த 16 மணி நேரம் என்ற எண்ணை இன்னொரு எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் பணிச்சுமை பற்றி மனித அறிவியல் ஆராய்ச்சிக் குழு 2005இல் ஒரு பெரிய தேசிய ஆய்வை வெளியிட்டது. விதிப்படி ஆசிரியர் ஆண்டுக்கு 1,800 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அதில் 80 மணி நேரம் பயிற்சிக்கு. வாரத்துக்குப் பிரித்தால் ஏறத்தாழ 43 மணி நேரம். ஆய்வில் கண்டது சராசரி 41 மணி நேரம். அதில் வகுப்பில் நின்று பாடம் நடத்துவது வெறும் 16 மணி நேரம், நாளுக்கு மூன்றே கால் மணி நேரம்கூட இல்லை. மீதி நேரத்தைத் தயாரிப்பும் திருத்தமும் பதிவேடும் கூட்டமும் அறிக்கையும் தின்றன. தொடர் மதிப்பீட்டுக்கான எழுத்துவேலைதான் பெரிய சுமை என்று ஆசிரியர்கள் அப்போதே சொன்னார்கள். ஏ.என்.ஏ. வந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து. அதாவது, வாரத்துக்கு 16 மணி நேரம்தான் பாடம் நடக்கிறது என்று தெரிந்த பிறகு, இன்னொரு 16 மணி நேர வேலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். எதை எடுத்துவிட்டு இதை வைக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

இதில் சிறு வகுப்புகளின் கதை தனி. முதல் வகுப்புக் குழந்தைக்குக் கேள்வியைப் படிக்கத் தெரியாது. ஆசிரியர் வாசித்துக் காட்ட வேண்டும். எல்லோரும் ஒரே வேகத்தில் போகமாட்டார்கள். ஒருத்திக்குப் பென்சில் முனை உடையும், இன்னொருவன் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பான். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பள்ளிகளில் இன்னொரு விஷயமும் உண்டு. அவை இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் காலத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று கட்டப்பட்டவை. இன்று பல பள்ளிகளில் பெரும்பான்மைப் பிள்ளைகள் சூலு பேசும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். உம்லாசியிலிருந்தும் இனாண்டாவிலிருந்தும் டாக்ஸி பிடித்து வரும் குழந்தைகள் அவர்கள். ஏ.என்.ஏ. மூன்றாம் வகுப்புவரை பதினொரு மொழிகளிலும் கிடைத்தது. ஆனால் பள்ளியின் பயிற்று மொழி ஆங்கிலம் என்பதால் இந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தைத் தாய்மொழித் தாளாக எழுதினார்கள். கேள்வியை இரண்டாம் முறை, மூன்றாம் முறை வாசிக்கும் ஆசிரியர் எங்கே நிறுத்த வேண்டும்? ஒரு வார்த்தைக்குச் சூலுவில் அர்த்தம் சொன்னால் அது உதவியா, முறைகேடா? கையேட்டில் எழுதியிருப்பதைவிடக் குழந்தையின் முகம்தான் அந்த நேரத்தில் ஆசிரியருக்குப் பெரிதாகத் தெரியும்.

திருத்தும் மேசையையும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மூன்றாம் வகுப்புக் கணக்குத் தாளில் வரக்கூடிய ஒரு கேள்வி: 365 = 300 + __ + 5. விடைக்குறிப்பு 60 என்கிறது, ஒரு மதிப்பெண். ஒரு பிள்ளை 6 என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று 360. மூன்றாவது பிள்ளை வெற்றிடமாக விட்டிருக்கிறது. மூன்றுக்கும் பூஜ்யம்தான். ஆனால் ஆசிரியருக்கு இவை மூன்றும் மூன்று வேறு செய்திகள். 6 எழுதிய பிள்ளைக்கு இலக்கம் தெரிகிறது, அதன் இடமதிப்பு தெரியவில்லை. பத்துகளைக் கட்டாகக் கட்டி எண்ண வைத்தால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். 360 எழுதிய பிள்ளை 300ஐக் கழிக்காமல் விட்டிருக்கிறது. வெற்றிடம் விட்ட பிள்ளைக்குக் கேள்வியே புரிந்திருக்காது, ஒருவேளை அந்தச் சமக்குறி முன்னால் நிற்பதைப் பார்த்துப் பயந்திருக்கும். பள்ளித் தேர்வின் உண்மையான பலன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் மேலே போகும் படிவத்தில் இருப்பது மூன்று பூஜ்யங்கள். இரவு பத்தரை மணிக்கு எழுபதாவது தாளைத் திருத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் 6க்கும் 360க்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துவைத்துக்கொள்ள மாட்டார். காலையில் மதிப்பெண் பட்டியல் கொடுக்க வேண்டும். அவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

சரி, இந்த உழைப்பெல்லாம் போய்ச் சேர்ந்த எண்களாவது நம்பும்படி இருந்தனவா? 2011இல் மூன்றாம் வகுப்புக் கணக்கின் தேசியச் சராசரி 28 விழுக்காடு. 2012இல் 41. ஒரே ஆண்டில் ஒரு நாட்டின் குழந்தைகள் இப்படித் தாவ முடியாது. ஒவ்வோர் ஆண்டும் கேள்வித்தாள் புதிது. இரண்டு ஆண்டுகளின் தாள்களை ஒரே கடினத்துக்குக் கொண்டுவரும் பொதுக் கேள்விகள் கிடையாது. அதனால் ஒரு ஆண்டின் எண்ணை மறு ஆண்டின் எண்ணோடு ஒப்பிட முடியாது என்று கல்வி ஆய்வாளர்கள் அப்போதே எடுத்துச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கோ 2012இல் 13, 2013இல் 14, 2014இல் 11 விழுக்காடு. செய்தித்தாள்கள் அதிர்ச்சி என்று எழுதின. அதிர்ச்சிதான். ஆனால் அதில் எவ்வளவு பிள்ளைகளின் நிலை, எவ்வளவு தாளின் கடினம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். தன் வகுப்பின் தாளைத் தானே திருத்தும் ஆசிரியர், அந்த மதிப்பெண்ணை வைத்துத் தன் பள்ளியும் தானும் மதிப்பிடப்படுவதை அறிவார். மாவட்ட அலுவலகம் பள்ளிகளை வரிசைப்படுத்தும், தலைமையாசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கும். அப்போது திருத்தும் கை கொஞ்சம் இளகும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, மனித இயல்பு. அரசுக்கும் இது தெரியும். அதனால்தான் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் ஒரு சில மாதிரிப் பள்ளிகளில் மட்டும் வெளியாட்களை வைத்துத் தேர்வு நடத்தி, வெளியிலேயே திருத்தும் சரிபார்ப்பு ஏற்பாடும் இருந்தது. நாட்டின் நிலையை அறிய அந்த மாதிரிப் பள்ளிகளே போதும் என்றால், மீதி 70 லட்சம் பிள்ளைகளின் தாள்கள் எதற்கு? ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன தெரியவில்லை என்று கண்டுபிடிக்க, என்று பதில் வந்தது. ஆனால் அதற்கு ஆண்டுக் கடைசியில், செப்டம்பரில், ஒரே நாளில், எல்லோருக்கும் ஒரே தாள் தேவையில்லை. அது பள்ளி ஆண்டு தொடங்கும் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஆசிரியர் தன் வகுப்புக்குத் தானே செய்யவேண்டிய வேலை. இரண்டு வெவ்வேறு காரியங்களை ஒரே தேர்வின் மேல் ஏற்றியதால் இரண்டும் சரியாக நடக்கவில்லை. சுமை மட்டும் முழுதாக வந்தது.

2015இல் சங்கங்கள் எதிர்த்தபோது அவற்றுக்குள் இருந்த ஒற்றுமை கவனிக்கத்தக்கது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட சாட்டு என்ற சங்கம், அப்போதைய ஆளும் கட்சியின் தோழமைத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான கொசாட்டுவைச் சேர்ந்தது. நாப்டோசா அரசியல் சாராத சங்கம். எஸ்.ஏ.ஓ.யூ. பெரும்பாலும் ஆப்பிரிக்கான்ஸ் பேசும் ஆசிரியர்களுடையது. இவை மூன்றும் பல விஷயங்களில் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. ஏ.என்.ஏ. விஷயத்தில் ஒரே குரலில் பேசின. ஆண்டுதோறும் வேண்டாம், இடைவெளி விட்டு நடத்துங்கள், கிடைத்த முடிவை வைத்துப் பள்ளிக்கு உதவி செய்யவாவது நேரம் கொடுங்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அதைச் சோம்பேறித்தனம் என்று சொன்ன பத்திரிகைத் தலையங்கங்களை நானும் படித்திருக்கிறேன். வசதியான பள்ளியின் ஆசிரியரும் வசதியற்ற பள்ளியின் ஆசிரியரும் ஒரே காரணத்துக்காக மறுக்கும்போது அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

வேலை கூடாது என்பது ஆசிரியர்களின் நிலைப்பாடு இல்லை என்பதற்கு மெட்ரிக் தேர்வே சாட்சி. 2008 முதல் தேசிய உயர்நிலைச் சான்றிதழ் என்ற பெயரில் நடக்கும் அந்தத் தேர்வை 2024இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமான முழுநேர மாணவர்கள் எழுதினார்கள். நவம்பரில் ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளியின் தேர்வுக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் தலைமையாசிரியரோ அவர் அனுப்பும் பொறுப்பாளரோ மாவட்டத்தின் விநியோக மையத்துக்குப் போய் முத்திரையிட்ட பையைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வருவார். ஒன்பது மணித் தேர்வுக்கு முன்பே மாணவர்கள் இருக்கைத் திட்டப்படி தேர்வு எண் வரிசையில் உட்கார வேண்டும். 30 பேருக்கு ஒரு கண்காணிப்பாளர். பையின் முத்திரையை மாணவர்கள் கண்முன்னே உடைப்பார்கள். வாசிக்கப் பத்து நிமிடம். முதல் ஒரு மணி நேரம் யாரும் வெளியே போகக்கூடாது, அதற்குப் பிறகு யாரும் உள்ளே வரவும் கூடாது. முடிந்ததும் தாள்களை எண் வரிசையில் அடுக்கி, வராதவர் பட்டியலோடு ஒப்பிட்டு, மீண்டும் முத்திரையிட்டு, தாமதமில்லாமல் மையத்துக்குத் திருப்ப வேண்டும். எண்ணிக்கையில் ஒரு தாள் குறைந்தாலும் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போகமுடியாது.

இந்தக் கெடுபிடிக்கெல்லாம் காரணம் உண்டு. 2014இல் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாநிலத்திலும் கிழக்குக் கேப் மாநிலத்திலும் சில மையங்களில் கூட்டமாகப் பார்த்து எழுதியது பிடிபட்டு, பல பிள்ளைகளின் முடிவுகளைத் தர மேற்பார்வை அமைப்பான உமலூசி நிறுத்திவைத்தது. 2020இல் கணக்கு இரண்டாம் தாளும் பௌதீக அறிவியல் இரண்டாம் தாளும் கசிந்தன. நாடு முழுக்க மறுதேர்வு என்று அமைச்சர் அறிவித்தார். டிசம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரு கசிவும் பல லட்சம் குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் கண்காணிப்பு வேலை ஆண்டுக்கு ஆண்டு கூடித்தான் வருகிறது. அந்த வாரங்களில் எட்டு முதல் பதினொன்று வரையுள்ள வகுப்புகளுக்குச் சொந்தத் தேர்வும் நடக்கும். ஆசிரியர் காலையில் மெட்ரிக் கூடத்தில் நிற்பார், மாலையில் ஒன்பதாம் வகுப்புத் தாளைத் திருத்துவார்.

ஆனால் மெட்ரிக் தாளைத் திருத்துவது வேறு மாதிரி. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், பாடத்தில் தகுதியும் அந்த வகுப்பை அண்மையில் நடத்திய அனுபவமும் வேண்டும். டிசம்பரில் விடுதியுள்ள பள்ளிகள் திருத்த மையங்களாக மாறும். முதலில் விடைக்குறிப்பைப் பற்றி விவாதம், பிறகு மாதிரித் தாள்களைத் திருத்திப் பார்த்து எல்லோருடைய அளவுகோலும் ஒன்றாக இருக்கிறதா என்ற சோதனை. பிறகே உண்மையான தாள். ஒருவருக்கு ஒரு கேள்வி அல்லது ஒரு பகுதிதான். மூத்த திருத்துநர் குறைந்தது பத்தில் ஒரு தாளை மறுபடி பார்ப்பார். கூட்டலைச் சரிபார்க்கத் தனி உதவியாளர்கள். இதற்கெல்லாம் தனி ஊதியம். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. விடுமுறையை விட்டுக்கொடுத்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் இதற்குப் போட்டி போட்டு விண்ணப்பிக்கிறார்கள். எங்கள் தெருவில் உள்ள ஓர் அக்கா ஒவ்வொரு டிசம்பரிலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். “களைப்புதான் தம்பி, ஆனா அங்கே திருத்துறது மட்டும்தான் வேலை. சோறு அவங்க போடறாங்க, கூட்டலை வேற ஒருத்தர் பாக்கறாங்க” என்பார். அதே அக்கா ஏ.என்.ஏ. தாள்களைச் சமையலறை மேசையில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, தனியாகத் திருத்தியவர்.

இந்த வேறுபாட்டைப் பார்த்த பிறகு ஒரு முடிவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. எண் நம்பகமாக இருக்க வேண்டும் என்று அரசு நிஜமாகவே நினைக்கும் இடத்தில் அது நேரம் ஒதுக்குகிறது, ஆள் வைக்கிறது, பணம் கொடுக்கிறது. மற்ற இடத்தில் சுற்றறிக்கை அனுப்புகிறது.

பள்ளி ஆசிரியரைத் தொடாமல் அளக்கவும் வழி உண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் பேர்ல்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வைப் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் இங்கே நடத்தியிருக்கிறது. தேர்ந்தெடுத்த சில நூறு பள்ளிகள், வெளியிலிருந்து வரும் தேர்வு நடத்துநர்கள், வெளியிலேயே திருத்தம். 2016இல் 78 விழுக்காடு, 2021இல் 81 விழுக்காடு பிள்ளைகளால் வாசித்ததைப் பொருள் புரிந்து சொல்ல முடியவில்லை என்று நாட்டுக்குச் சொன்னது இந்தச் சிறிய மாதிரிதான். ஏ.என்.ஏ.வின் கோடிக்கணக்கான தாள்கள் இவ்வளவு தெளிவாக எதையும் சொல்லவில்லை. மேற்குக் கேப் மாநிலம் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் தன் தேர்வை நடத்துகிறது. அங்கும் நடத்துவதும் திருத்துவதும் வெளி ஆட்கள். 2022இல் தேசியத் துறையே மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் மாதிரி அடிப்படையிலான முறைமை மதிப்பீட்டுக்குத் திரும்பியது. 2001இல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். நல்லதுதான், ஆனால் நடுவில் போன ஆண்டுகள் போனவைதான்.

இங்கே பெற்றோர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கனமான நியாயம். மாதிரித் தேர்வு நாட்டைப் பற்றிச் சொல்லும், என் மகளைப் பற்றிச் சொல்லாது. பள்ளி அறிக்கையில் ஏழு நிலைகளில் ஐந்தாம் நிலை, அதாவது 60 விழுக்காட்டுக்கு மேல், என்று வருகிறது. அதே பிள்ளைக்கு ஒரு பத்தி படித்துப் பொருள் சொல்லத் தெரியவில்லை. ஐந்தில் நான்கு பிள்ளைகள் பொருள் புரிந்து வாசிக்காத நாட்டில் அறிக்கைகள் இத்தனை நன்றாக இருப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது. வெளி அளவுகோல் இல்லாவிட்டால் ஏழைப் பெற்றோர்தான் ஏமாறுவார்கள். வசதியுள்ளவர் டியூஷன் வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். இதை மறுக்க எனக்கு வார்த்தை இல்லை. ஆனால் அதற்கு வழி, ஆசிரியருக்கு நேரம் தராமல் இன்னொரு தாளைக் கொடுப்பது ஆகாது. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் செய்து குறித்துக்கொள்ளும் எளிய வாசிப்புச் சோதனை இங்கே பல பள்ளிகளில் பழக்கத்தில் இருக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும், அவ்வளவுதான்.

ஏ.என்.ஏ. போனாலும் சுமை இறங்கிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012 முதல் வந்த பாடத்திட்டப்படி மூன்றாம் வகுப்புவரை மதிப்பெண் முழுக்கப் பள்ளி மதிப்பீட்டிலிருந்து வருகிறது. நான்கு முதல் ஆறு வரை முக்கால் பங்கு, மெட்ரிக்கில் கால் பங்கு. ஒவ்வொரு பணிக்கும் கேள்வி, விடைக்குறிப்பு, முன்பார்வை, பின்பார்வை, சான்றுக் கோப்பு. குவாசூலு-நட்டாலில் மேல்வகுப்புகளுக்கு மாநிலப் பொதுத் தேர்வுகளும் உண்டு, பல பள்ளிகளில் நகலெடுக்கும் செலவு பள்ளியின் பையிலிருந்து. மதிப்பெண்கள் சா-சாம்ஸ் என்ற அரசின் பள்ளி நிர்வாக மென்பொருளில் ஏற வேண்டும். பல இடங்களில் ஆசிரியர் முதலில் தன் பதிவேட்டில் பேனாவால் எழுதுகிறார், பிறகு எக்செல்லில், பிறகு சா-சாம்ஸில். ஒரே எண், மூன்று முறை. கடைசி நாளில் மின்வெட்டு வந்தால் அலுவலக அறையில் நடக்கும் தவிப்பைச் சொல்லவே வேண்டாம்.

2020 டிசம்பரில் ஜனாதிபதியின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் வேலையில்லாத இளைஞர்கள் கல்வி உதவியாளர்களாகப் பள்ளிகளுக்கு வந்தபோது, என் மனதில் முதலில் பட்டது இந்த மதிப்பெண் ஏற்றும் வேலைதான். கணினி தெரிந்த ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் ஆசிரியருக்குப் பல மாலைகள் மிச்சம். பல பள்ளிகளில் அப்படித்தான் நடந்தது. ஆனால் அது கட்டம் கட்டமாக வந்துபோகும் திட்டம். ஒரு கட்டம் முடிந்தால் வேலை மறுபடி ஆசிரியரிடமே வந்து சேரும்.

நம் தமிழுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. மெட்ரிக்கின் அங்கீகரிக்கப்பட்ட பாடப் பட்டியலில் தமிழ் உண்டு. இந்திய மொழிகளைப் பள்ளியில் விருப்பப் பாடமாக எடுக்க 2014இல் குவாசூலு-நட்டாலில் மறுபடி வழி பிறந்தபோது நம் அமைப்புகள் கொண்டாடின. ஆனால் ஒரு பாடத்துக்குத் தேர்வு வைக்க எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பது பொருட்டில்லை. ஐயாயிரம் பேர் எழுதினாலும் ஐந்து பேர் எழுதினாலும் தாள் அமைப்பவர் ஒருவர், உள் மறுபார்வையாளர் ஒருவர், உமலூசியின் வெளி மறுபார்வையாளர் ஒருவர், விடைக்குறிப்பு, திருத்துநர் எல்லாம் வேண்டும். தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்து, பாடத்திட்டமும் தெரிந்த ஆட்கள் இங்கே எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். அதே ஒரு சிலர்தான் சனிக்கிழமை கோயில் வகுப்பும் எடுக்கிறார்கள், ஆண்டுக் கடைசியில் அங்கும் தாள் அமைத்துத் திருத்துகிறார்கள், போட்டிகளுக்கு நடுவராகவும் போகிறார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாமல். பள்ளியில் தமிழ் வேண்டும் என்று கேட்கும்போது, அந்தத் தேர்வைத் தூக்கிச் சுமக்கப்போவது யார் என்ற கேள்வியையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும். புதிதாக நாலு பேரைப் பயிற்றுவித்துத் திருத்துநர்களாக்கும் செலவை நம் சங்கங்கள் ஏற்கலாம். விழா மேடைக்கு ஆகும் செலவைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

பெற்றோராக நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் சட்டமும் இடம் தருகிறது. 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டப்படி பள்ளி ஆட்சிக் குழுவில் பெற்றோர் பிரதிநிதிகளுக்கே பெரும்பான்மை. ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை 30 நாள் முன்னறிவிப்போடு பெற்றோர் கூட்டத்தில் வைத்துத்தான் நிறைவேற்ற வேண்டும். கட்டணம் கூடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பலரும் கிளம்பிவிடுகிறோம். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் சில: கேள்வித்தாள் நகலெடுக்க எவ்வளவு போகிறது, மதிப்பெண் ஏற்ற ஓர் அலுவலக உதவியாளரை நான்கு பருவக் கடைசிகளிலும் இரண்டு வாரம் அமர்த்த எவ்வளவு ஆகும், ஒரே மதிப்பெண்ணை மூன்று இடத்தில் எழுதச் சொல்வது துறையின் விதியா, பள்ளியின் பழக்கமா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான பள்ளிகளில் பதில் பழக்கம் என்றுதான் வரும், அதை அந்தக் கூட்டத்திலேயே மாற்றிவிட முடியும்.